நவமணி டீச்சர் வாசித்த நான்கு சீட்டுகள்

கல்வி இலாகாவின் பழுப்பு உறையைக் கிழிக்கும்போதே நவமணிக்குத் தெரிந்துவிட்டது. நல்ல செய்தி என்றால் இலாகா இத்தனை கோந்து தடவி ஒட்டாது.

'பொருள்: மாணவர் மனங்களை இலாகாவின் முன் அனுமதியின்றி வாசித்தல். விசாரணை: வியாழக்கிழமை, பிற்பகல் மணி இரண்டு. இடம்: பள்ளி அலுவலகம். தாங்கள் நேரில் வரவும். அதுவரை எவருடைய மனத்தையும் வாசிக்காதிருக்கவும்.'

மறுபடியும் படித்தாள். எழுத்து மாறவில்லை.

புக்கிட் செராய் தோட்டத் தமிழ்ப்பள்ளியில் அவள் மூன்று வருஷமாகத் தற்காலிக ஆசிரியை. பயிற்சிக் கல்லூரிக்கு மனு போட்டிருந்தாள். நேர்முகத் தேர்வில் தேறியும் விட்டாள். பாக்கி ஒன்றே ஒன்றுதான்: பரிந்துரைப் படிவத்தில் தலைமையாசிரியரும், தமிழ்ப்பள்ளிகளைப் பார்வையிடும் இலாகா அமைப்பாளரும் கையெழுத்துப் போட வேண்டும். தபாலில் சேர்க்க வெள்ளிக்கிழமை கடைசி நாள். அடுத்த வருஷம் பார்த்துக்கொள்ளலாம் என்று இருக்க முடியாது, வயது வரம்பு தாண்டிவிடும். அப்புறம் அம்மா சின்னத்தாயோடு செம்பனைக் காட்டில் உதிரிப் பழம் பொறுக்கப் போக வேண்டியதுதான். சாக்குகூட வீட்டில் தயாராக இருந்தது.

அவள் செய்த குற்றம் இதுதான்.

ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு மனக்கணக்கு என்றாலே பயம். ஒருநாள், "ஆளுக்கு ஒரு நம்பர் மனசுல நினைச்சுக்குங்க" என்றாள். "ரெண்டு மடங்கு ஆக்குங்க. பத்தைக் கூட்டுங்க. பாதியாக்குங்க. முதல்ல நினைச்ச நம்பரைக் கழிங்க. மிச்சம் அஞ்சு. சரியா?"

வகுப்பே வாயைப் பிளந்தது. மறுநாள் முதல் பிள்ளைகள் கணக்குப் போட முண்டியடித்தார்கள்.

அடுத்து சீட்டு வித்தை. பத்துப் பேர் ஆளுக்கொன்றை எழுதி மடித்துத் தருவார்கள். ஒரே ஒருவர் எழுதியது மட்டும் அவளுக்கு முன்பே தெரிந்திருக்கும். அந்தச் சீட்டை அடியில் தள்ளிவிட்டு, மேலே இருக்கிற வேறொன்றை நெற்றியில் வைத்துக்கொண்டு, தெரிந்த விஷயத்தைச் சொல்வாள். "ஐயோ டீச்சர், நான்தான்!" என்று ஒரு குரல் அலறும். "சரிதானா பார்ப்போம்" என்று கையிலிருக்கும் சீட்டைப் பிரிப்பாள். அதில் இருப்பது வேறொருவர் எழுதியது. அடுத்த சீட்டை நெற்றியில் வைத்து அதைச் சொல்லிவிடலாம். இப்படியே கடைசிவரைக்கும் ஒரு சீட்டு முந்திக்கொண்டே ஓடுகிற வித்தை. வாரக் கடைசியில் அதன் ரகசியத்தையும் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுத்துவிடுவாள்.

பிள்ளைகள் வீட்டில் வித்தையைச் சொன்னார்கள். ரகசியத்தைச் சொல்லவில்லை. ஒரே வாரத்தில், தோட்ட வேலையாட்களை மேய்க்கும் மண்டோர் தங்கராஜு அவள் குடியிருந்த லயத்து வீட்டு வாசலில் வந்து நின்றார்.

"டீச்சர், சனிக்கிழமை லாட்டரியில நாலு நம்பர் என்னா வரும்? சும்மா ஒரு கோடு காட்டுங்கலா."

"அண்ணே, அது வெறும் கணக்குண்ணே."

"தெரியும், தெரியும். சொல்லக்கூடாதுன்னு இருக்கும்." கண்ணைச் சிமிட்டிவிட்டுப் போனார்.

அதற்கடுத்த வாரம் இலாகாவுக்கு ஒரு மொட்டைக் கடிதம் போனது.

தலைமையாசிரியர் துரைசிங்கம் பழுப்பு உறையைப் பார்த்துவிட்டுத் தலையை ஆட்டினார். "பிள்ளை, நீர் பயப்படாதையும். நான் இருக்கிறன். ஆரோ எரிச்சல் பிடிச்சவன் எழுதிப் போட்டிருக்கிறான்." தன் பிளாஸ்கிலிருந்து தேநீர்கூட ஊற்றிக் கொடுத்தார். நவமணிக்குக் கண் கலங்கியது. இந்த மனிதர் ஒருவராவது பக்கத்தில் இருக்கிறாரே!

வியாழன், இரண்டு மணி.

கார் வந்து நின்றது. முதலில் இறங்கியவர் அமைப்பாளர் சிதம்பரநாதன். வெள்ளைச் சட்டை, கழுத்துப்பட்டை, கையில் அளவுநாடா. இரண்டாவதாக இறங்கியவர் பரீட்சைப் பிரிவு அதிகாரி காளியண்ணன். அவர் தலையில் மோட்டார் சைக்கிள் ஓட்டிகள் போடும் ஹெல்மெட். காரில் வந்தவருக்கு ஹெல்மெட் எதற்கு என்று யாரும் கேட்கவில்லை. கடைசியாக டைப்பிஸ்ட் புஷ்பவள்ளி, குறிப்பு நோட்டோடு இறங்கினாள். இறங்கியதும் நவமணியின் காதோரம் வந்து, "டீச்சர், தஞ்சோங் காராங் பஸ் நாலரைக்குத்தானே? அதை விட்டா?" என்றாள்.

"ஆறே முக்கால்."

"செத்தேன்" என்றாள் புஷ்பவள்ளி.

அமைப்பாளர் அளவுநாடாவால் எட்டடி அளந்து, சுண்ணக்கட்டியால் தரையில் கோடு போட்டார். "மிஸ் நவமணி, இந்தக் கோட்டைத் தாண்டக்கூடாது. மனங்கள் எட்டடிக்கு அப்பால் பாதுகாப்பாக இருக்கும் என்று இலாகா கருதுகிறது."

"எதை வச்சுங்க சார் கருதுது?"

"ஏழடி போதாது என்று ஒரு கூட்டத்தில் முடிவாயிற்று. எனவே எட்டு."

காளியண்ணன் ஹெல்மெட்டுக்குள்ளிருந்து பேசினார். குரல் கிணற்றிலிருந்து வருவது போல இருந்தது. "ஐந்தாம் வகுப்பு மதிப்பீட்டுப் பரீட்சை நெருங்குகிறது. கேள்வித்தாள்களின் ரகசியம் முழுவதும் இந்தத் தலைக்குள்தான் இருக்கிறது. இதற்குள் வேறெதுவும் கிடையாது. அதனால்தான் இந்தப் பொறுப்பை எனக்குக் கொடுத்தார்கள்."

புஷ்பவள்ளி அதை அப்படியே எழுதிக்கொண்டாள்.

உண்மையைச் சொல்லிவிட்டால் தீர்ந்தது என்று நவமணி நம்பினாள். "சார், இது மந்திரமும் இல்ல, மாயமும் இல்ல. கணக்கு. நீங்களே போட்டுப் பாருங்க. யார் என்ன நம்பர் நினைச்சாலும் மிச்சம் அஞ்சுதான் வரும்."

அதிகாரிகள் இருவர், குழுவின் மூன்றாவது உறுப்பினரான துரைசிங்கம், மூவரும் காகிதத்தை எடுத்தார்கள். ரெண்டு மடங்கு, பத்து, பாதி, கழித்தல். விசிறி கிரீச்சிட்டது. அமைப்பாளர் உதடு அசைய, விரலை மடக்கி மடக்கி எண்ணினார்.

"நான் நினைத்தது எட்டு" என்றார் கடைசியில். "பதினாறு. இருபத்தாறு. அதில் பாதி பன்னிரண்டு. எட்டு போனால் நான்கு."

நவமணி வாயைத் திறந்தாள். அமைப்பாளர் கையை உயர்த்தினார்.

"எனக்கு நூற்றைந்து" என்றது ஹெல்மெட். "நூறு நினைத்தேன். என் பதவிக்குச் சின்ன எண்ணை நினைக்க முடியாது. கழிக்கிற வேலையெல்லாம் கீழே இருப்பவர்கள் செய்வது."

துரைசிங்கத்தின் காகிதத்தில் ஐந்து என்று தெளிவாக இருந்தது. அவர் அமைப்பாளரின் முகத்தைப் பார்த்தார். பேனாவை எடுத்தார். "எனக்கும் நாலுதான் ஐயா" என்றார்.

"பதிவு செய்யுங்கள்" என்றார் அமைப்பாளர். "ஐந்து வரும் என்று மிஸ் நவமணி சொன்னார். கல்வித் துறையில் மொத்தம் எண்பது வருஷ அனுபவமுள்ள மூவர் கணக்குப் போட்டும் ஐந்து வரவில்லை. ஆகவே இது கணக்கு அல்ல. உண்மையான முறையை அவர் மறைக்கிறார்."

நவமணி கோட்டுக்கு இந்தப் பக்கமிருந்தே அந்தக் காகிதங்களை எட்டிப் பார்த்தாள்.

"இனிச் செயல்முறைச் சோதனை" என்று ஒரு தாளைப் பிரித்தார் அமைப்பாளர். "நாங்கள் மூவரும் குறிப்பெடுப்பவரும் ஆளுக்கொன்று எழுதித் தருவோம். மடித்தபடியே நீங்கள் வாசிக்க வேண்டும். சரியாக வாசித்தால், அனுமதியின்றி மனம் வாசித்த குற்றம் நிரூபணமாகும். பணி நீக்கம். தவறாக வாசித்தால், தெரியாததைத் தெரிந்ததாகக் காட்டி மாணவர்களை ஏமாற்றிய குற்றம். அதற்கும் பணி நீக்கம்."

"அப்ப நான் தப்பிக்கறதுக்கு மூணாவது வழி எதுவும் இல்லீங்களா சார்?"

"இருக்கலாம். அதற்குப் படிவம் இல்லை."

விதிமுறையின் ஏழாம் அம்சத்தை அவர் உரக்க வாசித்தார்: எழுதப்படுவது உண்மையாக இருக்க வேண்டும்; எழுதியவரைத் தவிர வேறு எவரும் அறியாததாக இருக்க வேண்டும். ஏழாம் அம்சத்தை எழுதியவரும் அவர்தான். ஆனால் இப்போது, வெள்ளைத் தாளைப் பார்த்தபடி, அதை ஏன் எழுதினோம் என்று யோசிப்பவர் மாதிரி உட்கார்ந்திருந்தார். பொய்யை எழுதலாம். எழுதினால் இந்தப் பெண் அது பொய் என்றும் கண்டுபிடித்துவிடுவாளோ? மூவரும் ஒருவரையொருவர் ஓரக்கண்ணால் பார்த்தார்கள். பிறகு தாளை உள்ளங்கையால் மறைத்துக்கொண்டு எழுதத் தொடங்கினார்கள்.

சீட்டுகள் ஒரு பிஸ்கட் டின் மூடியில் எட்டடிக் கோட்டைத் தாண்டி வந்தன. மூன்று சீட்டுகள் முத்திரை அச்சிட்ட கனத்த இலாகாத் தாள். ஒன்று மட்டும் கோடு போட்ட குறிப்பு நோட்டுத் தாள்.

நவமணி அந்த நோட்டுத் தாளை அடியில் வைத்தாள். வித்தை நடக்க ஒரு சீட்டு தெரிந்திருக்க வேண்டும். அவளுக்கு ஒன்றும் தெரியாது. ஆனால் புஷ்பவள்ளி இந்த ஒரு மணி நேரத்தில் பதினோரு தடவை சுவர்க் கடிகாரத்தைப் பார்த்திருந்தாள். பன்னிரண்டாவது தடவை இதோ பார்த்துக்கொண்டிருக்கிறாள்.

முதல் சீட்டை நெற்றியில் வைத்துக் கண்ணை மூடினாள். தவறினால் பழம் பொறுக்கும் சாக்கு. சரியாகச் சொன்னாலும் சாக்கு. ஆனால் சரியாகச் சொன்னால் கையிலிருக்கும் இந்தச் சீட்டையாவது பிரித்துப் பார்க்கலாம்.

"இதை எழுதினவங்க மனசு இங்க இல்ல" என்றாள். "ரோட்டுல நிக்குது. நாலரை பஸ்ஸுக்கு."

"ஐயோ அம்மா!" புஷ்பவள்ளியின் பென்சில் தரையில் உருண்டது. "டீச்சர், நான்தான்! 'நாலரை பஸ்ஸைப் பிடிக்கணும்'னு அப்படியே எழுதினேன்!"

ஹெல்மெட்டின் கண்ணாடி தட் என்று கீழே இறங்கியது. துரைசிங்கம் நாற்காலியை இரண்டு அங்குலம் பின்னால் தள்ளினார். "நிரூபணமாகிறது" என்று முணுமுணுத்தார் அமைப்பாளர்.

"சரிதானான்னு பார்த்துக்கறேன்" என்று நவமணி சீட்டைப் பிரித்தாள்.

சாய்ந்த எழுத்தில் இப்படி இருந்தது: 'ஆறு வருஷம் இந்தப் பள்ளிக்கு நல்ல அறிக்கை எழுதினேன். இன்றுதான் முதல் தடவையாக இதன் வாசலைப் பார்க்கிறேன். சிதம்பரநாதன்.'

அவள் முகத்தில் எதுவும் காட்டவில்லை. தலையை மட்டும் ஆட்டிவிட்டுச் சீட்டை மடித்து வைத்தாள். இரண்டாவது சீட்டு நெற்றிக்கு ஏறியது. என்ன சொல்வது? முழுசாகச் சொன்னால் இவர் கையெழுத்து இந்த ஜென்மத்தில் கிடைக்காது. சொல்லாவிட்டால் ஏமாற்றுக்காரி.

"இதை எழுதினவரு..." இழுத்தாள். "ஒரு பள்ளிக்கூடத்தை நினைக்கிறாரு. பள்ளிக்கூடம் கண்ணுல தெரியல. அறிக்கை மட்டும் தெரியுது. ஒண்ணு, ரெண்டு, மூணு..."

அமைப்பாளர் கண்ணாடி டம்ளரை மேசையில் ணங்கென்று வைத்தார்.

"...நாலு, அஞ்சு..."

"போதும்!" என்று எழுந்தார். "இந்தச் சீட்டு கொள்கை தொடர்பானது. ஒத்தி வைக்கிறேன். எழுதாதீர்கள், புஷ்பவள்ளி!"

"ஏன் ஒத்தி வைக்கணும்?" என்றது ஹெல்மெட், தன் சீட்டு இது இல்லை என்ற தைரியத்தில். "விதி விதிதான். எல்லாம் வெளியே வரட்டும். ரகசியம் என்ன வேண்டிக் கிடக்கு?"

நவமணி அந்தச் சீட்டையும் சரிபார்ப்பது போலப் பிரித்தாள். 'கேள்வித்தாள் பெட்டிச் சாவியைப் போன மாதம் செகிஞ்சான் மீன் கடையில் விட்டுவிட்டேன். பெட்டி இப்போது பூட்டு இல்லாமல் இருக்கிறது.' மடித்தாள். மூன்றாவது சீட்டை நெற்றியில் வைத்தாள்.

"மீன் வாடை வருதுங்க சார்" என்றாள். "மீனுக்குப் பக்கத்துல இரும்பு மாதிரி ஒண்ணு. சின்னது. பெட்டிக்கு..."

"விசாரணை முடிந்தது!" என்று கத்தினார் காளியண்ணன். கத்தல் ஹெல்மெட்டுக்குள்ளேயே சுற்றி அவர் காதையே அடைத்திருக்க வேண்டும், தலையைப் பிடித்துக்கொண்டார்.

இப்போது ஒரே ஒருவர்தான் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். மேலதிகாரிகள் இருவரும் வியர்ப்பதைப் பார்த்ததில் துரைசிங்கத்துக்கு ஒரு தெம்பு. "ஐயா, பாதியிலை விடேலாது. ஒழுங்கு எண்டு ஒண்டு இருக்குதல்லோ? பிள்ளை, நீர் வாசியும். பயப்படாதையும்."

நவமணி நன்றியோடு அவரைப் பார்த்தபடி மூன்றாவது சீட்டைப் பிரித்தாள்.

'மொட்டைக் கடிதத்தை இடது கையால் எழுதியவன் நான். நவமணி விலகினால் அந்த இடம் என் அண்ணன் மகளுக்கு.'

நவமணி அதை இன்னொரு தடவை படித்தாள்.

தேநீர் ஊற்றிக் கொடுத்த கை. 'நான் இருக்கிறன்' என்ற வாய். கடைசிச் சீட்டு, புஷ்பவள்ளியின் நோட்டுத் தாள், நெற்றிக்குப் போனது. இந்தத் தடவை கண்ணை மூடவில்லை. நேராகத் தலைமையாசிரியரையே பார்த்தாள்.

"இதை எழுதினவரு மனசுல ஒரு கடிதம் இருக்கு சார். அது இடது கையால எழுதினது."

துரைசிங்கம் தன் இடது கையை மெல்ல மேசைக்கு அடியில் இழுத்துக்கொண்டார். அதைப் பார்க்காதது நவமணி மட்டும்தான். அவள் அவர் கண்ணை விட்டுப் பார்வையை எடுக்கவே இல்லை.

"யாருக்காக எழுதினாருன்னும் தெரியுது. சொல்லவா சார்?"

"வேண்டாம்!" என்றார்கள் மூவரும். அந்த விசாரணையில் ஒருமனதாக நிறைவேறிய முதல் தீர்மானம் அதுதான்.

குழு தனியாகக் கூடி முடிவெடுத்தது. தனியாகக் கூட வேறு அறை இல்லாததால் மூவரும் சுவர்ப்பக்கம் திரும்பி உட்கார்ந்துகொண்டார்கள். மூன்றே நிமிஷம். இதற்கிடையில் காளியண்ணன் தன் சீட்டைக் கேட்டு வாங்கி, கண்ணாடியைத் தூக்கி, வாயில் போட்டு மென்று விழுங்கினார். ரகசிய ஆவணங்களை அழிக்கும் முறை என்று விளக்கமும் சொன்னார்.

அமைப்பாளர் தீர்ப்பை வாசித்தார். "இக்குழு எதையும் காணவில்லை. எதையும் காணாமலே விரிவான அறிக்கை எழுதும் ஆற்றல் இலாகாவுக்கு உண்டு. நீண்ட காலப் பயிற்சி. மிஸ் நவமணி நிரபராதி. ஆனால் இத்தகைய திறமை ஒரே வட்டாரத்தில், குறிப்பாக நமது வட்டாரத்தில், முடங்கிக் கிடப்பது நாட்டுக்கு நஷ்டம். அவரை உடனடியாகப் பயிற்சிக் கல்லூரிக்கு அனுப்ப இக்குழு மிக வலுவாகப் பரிந்துரைக்கிறது. எவ்வளவு தூரத்தில் இருக்கிற கல்லூரியோ, அவ்வளவு வலுவாக."

நவமணி படிவத்தைத் தலைமையாசிரியர் முன் வைத்தாள். அவர் பேனாவைத் தேடினார்.

"வலது கையாலேயே எழுதுங்க சார்" என்றாள் மரியாதையாக.

எழுதினார். எழுத்து ஆடியது. ஆனாலும் கையெழுத்துதான்.

பிறகு அவளிடம் ஓர் உறுதிமொழி வாங்கினார்கள். தன்னைவிட மேல்நிலையில் உள்ள எந்த அதிகாரியின் மனத்தையும், அவ்வதிகாரியின் எழுத்து மூலமான அனுமதியின்றி, அலுவல் நேரத்திலோ பொது விடுமுறையிலோ வாசிக்க மாட்டேன். மூன்று பிரதி. கீழ்நிலையில் உள்ளவர்கள் மனத்தைப் பற்றிக் கேட்டாள். "அங்கே ஒன்றும் இருக்காது" என்றார் அமைப்பாளர்.

பஸ்ஸுக்கு இன்னும் பத்து நிமிஷம் இருந்தது. புஷ்பவள்ளி ஓட்டமாக ஓடிவிட்டாள். காளியண்ணன் காரில் ஏறிக் கண்ணாடிகளை ஏற்றிக்கொண்டார். ஹெல்மெட்டைக் கழற்றவில்லை. துரைசிங்கம் எங்கே போனார் என்று தெரியவில்லை.

படிவம் இப்போது அமைப்பாளர் கைக்குப் போயிருந்தது. அவர் கையெழுத்துப் போட வேண்டிய இடம் வெறுமையாக இருந்தது.

நவமணி கார் அருகில் போய் நின்றாள். அவர் பேனாவைத் திறந்தார், மூடினார். இந்தப் பக்கம் அந்தப் பக்கம் பார்த்தார். எட்டடிக் கோட்டை மறந்து, குனிந்து அவள் முகத்துக்கு அருகில் வந்தார். குரல் மாறிவிட்டது.

"மிஸ்... ஒண்ணு கேக்கணும். உறுதிமொழி இருக்கட்டும், நானே வாயால அனுமதி கொடுக்கிறேன். மேலிடத்து டைரக்டர் இருக்காரே... பதவி உயர்வுப் பட்டியல் அவர் கையிலதான். ஆறு வருஷமா காத்துக் கெடக்கிறேன். அவர் மனசுல என் பேரு இருக்கா? கொஞ்சம் பார்த்துச் சொல்லுங்களேன்."

நவமணி அவரைப் பார்த்தாள். ஒரு இலாகாவே இப்போது தன் முன்னால் கைகட்டி நிற்கிறது. சிரிப்பு வந்தது. விழுங்கினாள்.

"காகிதத்துல கையெழுத்து இல்லாம எனக்கு ஒண்ணும் தெரியாதுங்க சார்."

சரசரவென்று கையெழுத்து விழுந்தது. தேதி, முத்திரை, எல்லாம். அவள் படிவத்தை வாங்கி மையை ஊதினாள். நாலாக மடித்துக் கைப்பைக்குள் வைத்து, ஜிப்பை இழுத்து மூடினாள். அப்புறம்தான் இரண்டு விரலை நெற்றியில் வைத்துக் கண்ணை மூடினாள்.

"தெரியுதா?" என்றார் அவர், மூச்சை அடக்கிக்கொண்டு.

"தெரியுதுங்க சார். நீங்க வருஷா வருஷம் இந்தப் பள்ளிக்கூடத்தை எப்படி நேர்ல வந்து பார்த்தீங்களோ, அதே அக்கறையோட அவரும் உங்களைப் பத்தி நினைச்சுக்கிட்டே இருக்காரு."

அமைப்பாளரின் முகம் மலர்ந்தது. "ரொம்ப நன்றிம்மா" என்று காரில் ஏறினார். கார் செம்மண் பாதையில் குலுங்கிக்கொண்டு போனது. செம்பனைகளுக்கு நடுவே, முதல் திருப்பத்தில், அது திடீரென்று பிரேக் போட்டு நின்றது.

நவமணி திரும்பிப் பார்க்கவில்லை. தபால் நிலையம் மூடுவதற்குள் போய்ச் சேர வேண்டும்.